நான்காம் பாட்டில் வரும் குரல்

உடனிருந்தவர் என்றோர் இனம் நம்மிடையே வாழ்கிறது. பார்வைக்கு உங்களையும் என்னையும் போலத்தான் இருக்கும். காலையில் நடக்கப் போகும். கோயமுத்தூர் வெயில் முன்னைப்போல் இல்லை என்று வருத்தப்படும். கல்யாணப் பந்தியில் காற்றாடிக்கு நேர்கீழே இடம் பிடிக்கும். ஏதாவது ஒரு காரியம் வெற்றி பெறும்வரை இந்த இனத்தை அடையாளம் காண முடியாது. வெற்றி பெற்ற மறுநாள் காலை எல்லாத் திசைகளிலிருந்தும் கிளம்பி வரும்.

வந்து என்ன சொல்லும்?

“அன்னிக்கு நானும் அங்கதானுங்க இருந்தேன்.”

பக்கத்துத் தெருப் பெண் கலெக்டரானால் பரீட்சைக்குப் பேனா கொடுத்தவர் இவர். புரோட்டாக் கடை ஒன்று பெயர் வாங்கினால் அதன் சால்னாவில் சோம்பைக் குறைக்கச் சொன்னவர் இவர். குதிரை ஜெயித்த பிறகு அதன் முதுகில் ஏறி உட்கார்ந்து, புறப்பட்டதிலிருந்தே இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்லக்கூடியவர். குதிரையும் அநேகமாக நம்பிவிடும்.

இந்த இனத்தை நெருங்கியிருந்து பார்க்க எனக்கு வாய்ப்புத் தந்தது ஒரு பாட்டு ஆல்பம்.

துடியலூரைச் சேர்ந்த நித்யஸ்ரீ என்ற பெண் சரவணம்பட்டியில் பார்த்துவந்த கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு ஒன்பது பாட்டு எழுதி, மெட்டமைத்து, தானே பாடினாள். தமிழ்ப் பாட்டு. இசை மட்டும் அமெரிக்க நாட்டுப்புறத்தின் கன்ட்ரி மியூசிக்: கிதார், பேஞ்சோ, இழுத்து இழுத்து அழும் வயலின். அங்கே குதிரையும் லாரியும் விட்டுப்போன காதலியும் வருகிற இடத்தில் இவளிடம் ஆயிரத்திருநூறு அடி போர்வெல்லும் மேட்டுப்பாளையம் பஸ்ஸும் வாட்ஸாப்பைத் திறந்தே பார்க்காத காதலனும் வந்தார்கள்.

முதல் ஆறு மாதம் அதைக் கேட்டவர்கள் பதினேழு பேர். ஒன்பது பேர் சொந்தக்காரர்கள். ஏழாவது மாதம் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. டவுன் பஸ்ஸில் ஓடியது. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஓடியது. காதலன் கைவிட்டுப் போகும் ஆறாவது பாட்டு, கேட்பவர்கள் யாரும் வரிகளைக் கவனிக்காத காரணத்தால், கல்யாண ரிசப்ஷன்களில் மணமக்கள் மேடையேறும்போது ஓடியது. வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் அரைப் பக்கம் வந்தது. அதன் பிறகு உள்நாட்டுப் பத்திரிகைகளில் முழுப் பக்கம் வந்தது.

ஆல்பத்தின் அட்டையில் ஒரு சேவல். கொண்டை நிமிர்ந்த நாட்டுச் சேவல், சாய்த்து வைத்த கிதாரின்மேல் நின்றுகொண்டு இடப்பக்கம் பார்க்கிறது. ஏன் சேவல் என்று நித்யஸ்ரீ எந்தப் பேட்டியிலும் சொல்லவில்லை. எனவே மற்றவர்கள் சொன்னார்கள். சிற்றிதழ் ஒன்றில் அது விடியலின் குறியீடு என்று பதினோரு பக்கக் கட்டுரை வெளியானது. அடுத்த இதழில் அது விடியலின் குறியீடு அல்ல என்று பதினான்கு பக்கம் வெளியானது. அதற்கடுத்த இதழ் வெளியாகவில்லை.

ஆனால் ஆல்பத்தைத் தூக்கி நிறுத்தியது சேவல் அல்ல. நான்காவது பாட்டில் வரும் ஒரு குரல்.

நான்காவது பாட்டு, தண்ணீருக்காகத் துளை போட்டுக்கொண்டே போகும் ஒருத்தியின் பாட்டு. ஐந்நூறு அடி, எழுநூறு அடி, ஆயிரம் அடி. பாட்டின் நடுவே எல்லா வாத்தியங்களும் நின்றுவிடுகின்றன. இரண்டு வினாடி ஒன்றுமே இல்லை. ஒரு கதவு கிறீச்சிடுகிறது. கரகரத்த ஆண்குரல் ஒன்று அலுப்போடு கேட்கிறது: “ஏனுங்கம்மணி, இது எப்பங்க முடியும்?” பிறகு பேஞ்சோ தொடங்குகிறது.

அவ்வளவுதான். இந்தக் கேள்வி திருப்பூரில் பனியனில் அச்சாகி மூன்று நிறங்களில் விற்றது. பாலம் கட்டும் சாலைகளில் வண்டியை அணைத்துவிட்டு நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கேட்டுக்கொண்டார்கள். போட்டோ எடுப்பவர் தாடையை உயர்த்தச் சொல்லும்போது மாப்பிள்ளைகள் கேட்டார்கள். அது வறண்ட நிலமே வாய்திறந்து பேசும் குரல் என்று விமர்சகர்கள் எழுதினார்கள். பேசியவர் சென்னை நாடக நடிகர் என்று சிலரும், கடவுள் என்று ஒருவரும் சொன்னார்கள்.

இப்போது அறைக்கு வருவோம். ஆல்பம் பதிவானது சிங்காநல்லூரில், மோட்டார் ரீவைண்டிங் பட்டறை ஒன்றின் மாடியில். பத்தடிக்குப் பன்னிரண்டடி. கோட்டைமேட்டைச் சேர்ந்த முஜீப் அதை வாடகைக்குப் பிடித்து, சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி, பதிவுக்கூடம் என்று பெயர் வைத்திருந்தார். கீழே பட்டறை ஓடினால் மேலே பாட முடியாது என்பதால் பதிவு முழுவதும் ஞாயிற்றுக்கிழமைப் பகல்களில் நடந்தது. பாடுகிறவள், பேஞ்சோக்காரர், வயலின்காரர், முஜீப். இந்த நால்வரும் உள்ளே இருந்தால் ஐந்தாமவர் மூச்சை வெளியே விட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும்.

அந்த ஆல்பம் பதிவானபோது அந்த அறையில் இருந்தவர்களாக நான் இதுவரை சந்தித்தவர்கள் நூற்று நாற்பத்திரண்டு பேர்.

இவர்களை எப்படிக் கண்டுகொள்வது? பேச்சை ஒரு பெருமூச்சில் ஆரம்பிப்பார்கள். “அதையேனுங்க கேக்கறீங்க.” நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். புகழ்பெற்றவரைப் பாதிப் பெயரால் அழைப்பார்கள். நித்யஸ்ரீ இவர்கள் வாயில் நித்தி. எந்தப் பாட்டைப் பற்றிப் பேசினாலும் அது முதலில் இப்படி இல்லை, வேறு மாதிரி இருந்தது என்பார்கள். எப்படி இருந்தது என்று கேட்டால் கண்ணை மூடித் தலையை ஆட்டுவார்கள். “அதெல்லாம் வெளிய தெரியாதுங்க.” அப்புறம், டீ. ஒவ்வொருவரும் அந்த நாட்களில் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். நான் கணக்கிட்டவரை, அந்த ஒன்பது பாட்டுகளுக்குக் குடிக்கப்பட்ட டீயில் சிங்காநல்லூர் குளம் இரண்டு முறை நிறையும். முஜீப்புக்கு டீ பிடிக்காது. அது ஒரு பொருட்டல்ல.

இந்த நூற்று நாற்பத்திரண்டு பேரில் தலைசிறந்தவர் அப்புசாமி. பட்டறைக்கும் மாடிக்கும் சொந்தக்காரர். அறுபத்தொரு வயது. வெள்ளைச் சட்டை, அதன் பையில் ஒரு டெஸ்டர். உட்கார்ந்தால் எழுந்திருக்கும் வரை மோட்டாரைப் பற்றிப் பேசக்கூடியவர், ஆல்பம் ஓடத் தொடங்கிய பிறகு மோட்டாரைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார்.

மாடியை முஜீப்புக்கு அவர் விட்டதே ஒரு வார்த்தையால்தான். என்ன தொழில் என்று கேட்டார். கன்ட்ரி மியூசிக் பதிவு பண்ணப் போவதாக முஜீப் சொன்னார். அப்புசாமி மகிழ்ந்துபோனார். எங்கள் பக்கத்தில் நாட்டு என்ற சொல்லை முன்னால் போட்டால் எதற்கும் மதிப்புக் கூடிவிடும். நாட்டுக்கோழி, நாட்டுச்சர்க்கரை, நாட்டு மாட்டுப் பால். “கன்ட்ரின்னா நாட்டுங்க. பிராய்லர் இல்லீங்க” என்று மனைவி சாமியாத்தாளிடம் சொல்லிச் சாவியைக் கொடுத்தனுப்பினார். ஒரு வாரம் கழித்து மாடியிலிருந்து பேஞ்சோ கேட்டபோது ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தார். ஆல்பம் ஓடியபோது மறுபடியும் அது நாட்டு ஆனது.

உறவும் அப்படியே வளர்ந்தது. நித்யஸ்ரீ முதலில் “மாடிக்கு வார புள்ள.” திருப்பூரில் பனியன் வந்ததும் “நம்ம துடியலூர்ப் பொண்ணு.” அரைப் பக்கம் வந்ததும் “எங்க ஒறம்பரைதானுங்க, கொஞ்சம் சுத்தி வரோணும்.” முழுப் பக்கம் வந்த பிறகு அவர் அவளுக்குச் சித்தப்பா. சித்தப்பா என்ற முறையில் பத்திரிகைக்காரர் ஒருவரிடம் பேசியும் விட்டார். ‘அப்புசாமியின் ஸ்டூடியோவில் உருவான ஆல்பம்’ என்று அதில் அச்சானது. முஜீப் அந்தப் பக்கத்தை வெட்டி, மடித்து, மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பவர்களிடம் நாம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

இவ்வளவோடு போயிருந்தால் பரவாயில்லை. அப்புசாமியின் மகன் தீபக்குக்குப் பெண் நிச்சயமானது. கோபிச்செட்டிபாளையத்தில் நல்ல குடும்பம். சம்பந்தியாகப் போகிறவர் நாற்பது ஏக்கர் மஞ்சளும் குறைவான பேச்சும் உடையவர். ஒருவர் சொல்வதை மனதில் குறித்துக்கொண்டு பிறகு சரிபார்ப்பவர். அவர் முன்னால், நிச்சயதார்த்தச் சாப்பாட்டின்போது, அப்புசாமி சொல்லிவிட்டார்: “ஆல்பத்த இப்பப் பெரிய இசைத்தட்டாப் போடறாங்க. பின்னட்டையில என்ற பேரும் வருதுங்க.”

சம்பந்தி மெதுவாக ரசத்தை உறிஞ்சினார். “எங்கீங்க வெளியிடறாங்க?”

“ஆர்.எஸ்.புரத்துலீங்க. ஒரு ஞாயித்துக்கெழம.”

“நான் வாரனுங்க. ஒண்ணு வாங்கிப் பாத்துப்போடலாம்.”

இனி பின்னட்டையில் பெயர் வந்தாக வேண்டும். வராவிட்டால் என்ன? கல்யாணம் நிற்காது. ஆனால் வாழ்நாள் முழுக்க, அப்புசாமி எதைச் சொன்னாலும், மழை வருகிறது என்று சொன்னாலும், கோபியில் ஒருவர் வெளியே வந்து வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார்.

மறுநாள் மாடியேறினார். முஜீப் ஹெட்போனைக் கழற்றினார். நித்யஸ்ரீ மூலையில் கிதாருக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தாள்.

“முஜீபு, சோலியா இருக்கறயா கண்ணு?”

“வாங்ணா.”

“தட்டுக்குப் பின்னால பேரெல்லாம் போடுவீங்கல்ல?”

“ஆமாங்ணா.”

“என்ற பேரு எத்தனாவதா வருது?”

முஜீப் நித்யஸ்ரீயைப் பார்த்தார். நித்யஸ்ரீ கம்பியைப் பார்த்தாள்.

“பாடினவங்க, வாசிச்சவங்க, பதிவு பண்ணினவங்க பேரு மட்டுந்தாங்ணா.”

“செரி. அதுல நான் எதுல வாரேன்?”

“அதத்தாங்ணா நானும் ரோசன பண்றேன்.”

“ஏங்கண்ணு, கல்யாணப் பத்திரிகைல தாய்மாமன் பேர விட்டுப்போட்டா மண்டபத்துல பந்தி நடக்குமா?”

“இது பத்திரிகை இல்லீங்ணா, இசைத்தட்டு.”

“ரண்டும் அட்டைதான? ஒம்பது பாட்டு ஒரே ஊட்டுல பொறந்திருக்குது. ஊட்டுக்காரன் பேரு வேண்டாமா?”

“என்னன்னு போடறதுங்ணா?”

அப்புசாமி யோசித்தார். பொய் சொல்வது அவருக்குப் பிடிக்காது. இந்த இனத்தில் யாருக்குமே பிடிக்காது.

“உடனிருந்தவர்னு போடு.”

“அங்கிள்,” என்றாள் நித்யஸ்ரீ. “நீங்க போங்க. உங்க பேரு வருமுங்க.”

அவர் படியிறங்கும் சத்தம் ஓயும்வரை முஜீப் காத்திருந்தார். “நெசமாவா போடப்போற?”

“நெசத்தத்தான் போடப்போறேன்” என்றாள் அவள்.

நிஜம் என்ன என்பது பதிவின்போது அந்த அறையில் இருந்த நால்வருக்கும் தெரியும். இப்போது உங்களுக்கும் சொல்கிறேன்.

முஜீப் பதிவு நடக்கும்போது யாரும் கதவைத் திறக்கக்கூடாது என்பதற்காக வாசலுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு மாட்டியிருந்தார். பட்டறையில் கழித்துப் போட்ட பழைய ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்து பிடுங்கியது. உலகமெங்கும் சிவப்பு விளக்கைப் பார்த்தால் நிற்பார்கள். அப்புசாமி நாற்பது வருடம் மோட்டாரோடு வாழ்ந்தவர். அவர் அறிந்த பெட்டிகளில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று விளக்குகள் உண்டு. மூன்றும் எரிந்தால் மூன்று பேஸிலும் கரண்ட் வருகிறது, மோட்டார் ஓடும். ஒன்று மட்டும் எரிந்தால் மற்ற இரண்டும் போய்விட்டன, எதுவும் ஓடாது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மாடியேறியபோது சிவப்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. பாட்டிலும் சரியாக அந்த இடத்தில் வாத்தியங்கள் நின்றிருந்தன. உள்ளே எதுவும் ஓடவில்லை என்ற முடிவோடு கதவைத் திறந்து, அறையைக் காலி செய்யச் சொல்வதற்காக வாயைத் திறந்தார். முதலில் வந்த வாக்கியம்தான் திருப்பூரில் மூன்று நிறங்களில் விற்றது. பின்னால் வந்தவற்றை முஜீப் வெட்டிவிட்டார். வெட்டினாரே தவிர அழிக்கவில்லை.

இந்த விஷயம் தெரியாத ஒரே ஆள் அப்புசாமி. தன் குரலை வெளியிலிருந்து கேட்டுப் பழகியவர் யார்? அவருடைய போனில் அழைப்பு வந்தால் ஒலிப்பதே அந்த வாக்கியம்தான். யார் அழைத்தாலும் அவர் குரலே “ஏனுங்கம்மணி, இது எப்பங்க முடியும்?” என்று அவரிடம் கேட்கும். “நல்ல நடிகருங்க” என்று சொல்லிக்கொண்டே எடுப்பார்.

ஆகவே பின்னட்டையின் மாதிரி போனில் வந்தபோது அவர் அதிர்ந்தார். ‘நான்காம் பாட்டில் குரல்: அப்புசாமி.’

“பாத்தியா சாமியாத்தா? எவனோ மெட்ராஸ்காரன் பேசினதுக்கு என்ற பேரப் போட்டுப்போட்டாங்க.”

சாமியாத்தாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். “எவனோ இல்லீங்க. அது உங்க கொரலுதானுங்க.”

“என்ற கொரலு எனக்குத் தெரியாதா?”

“முப்பத்தஞ்சு வருசமா அதக் கேட்டுட்டு இருக்கறது நானுங்க. நீங்க எங்க கேட்டீங்க?”

மனைவி தன் மனம் கோணாமல் இருக்கச் சொல்கிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். பிறர் குரலைத் தன் பெயரில் வைத்துக்கொள்வது சரியா என்ற கேள்வி அவருக்கு வந்தது. காபி ஆறுவதற்குள் போய்விட்டது. மிச்சமிருந்தது ஒரே சிக்கல்: சம்பந்தி முன்னால் பேசிக் காட்டச் சொன்னால்? அன்று முதல் தினமும் பட்டறை மூடிய பிறகு, மோட்டாருக்குக் கம்பிச்சுருள் சுற்றும் இயந்திரத்தின் முன் நின்றுகொண்டு, தன் குரலைப் போலப் பேசுவதற்குப் பயிற்சி எடுத்தார். பத்து நாளில் ஓரளவு வந்தது. சரியாக வரவில்லை.

வெளியீட்டு விழா ஆர்.எஸ்.புரத்தில் ஒரு சிறிய அரங்கில், காலை பத்தரைக்கு. மேடையின் பின்னால் ஆளுயரத்துக்கு ஆல்பத்தின் அட்டை. சேவல் இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. நித்யஸ்ரீ சாதாரணச் சுடிதாரில் இருந்தாள். அப்புசாமி வேட்டி, வெள்ளைச் சட்டை, தலையில் அகலமான தோல் தொப்பியோடு வந்தார். கன்ட்ரிப் பாடகர்கள் அணியும் தொப்பி. ஊட்டிக்குப் போகிறவர்கள் வழியில் வாங்குவது. முன்வரிசையில் சாமியாத்தாள், அவருக்குப் பக்கத்தில் கோபியிலிருந்து வந்த சம்பந்தி. சம்பந்தி தட்டை வாங்கி, பின்னட்டையைப் படித்து, பெயர் இருப்பதைப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி படித்தார்.

“நாலாவது பாட்டோட கொரலு இன்னிக்கு நம்மகூட இருக்காருங்க” என்று நித்யஸ்ரீ மைக்கில் அறிவித்தாள்.

விசில் பறந்தது. அப்புசாமி மேடையேறினார். ஒருதடவை சொல்லுங்க, ஒருதடவை சொல்லுங்க என்று கூட்டம் கத்தியது. அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பத்து நாள் பயிற்சியையும் தொண்டைக்குக் கொண்டுவந்தார்.

“ஏனுங்க... அம்மணீ... இது... எப்பொழுதுங்க முடியும்?”

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “டூப்ளிகேட்டுங்கோவ்!”

சம்பந்தி சாமியாத்தாளின் பக்கம் திரும்பினார். “ஏனுங்க, பாட்டுல வாரது இவரு கொரலு இல்லீங்களாட்ட இருக்குது?”

“மைக்கப் புடிச்சா அப்படி ஆயிருதுங்க. எறங்கினாச் செரியாப் போயிரும்” என்றார் சாமியாத்தாள்.

மேடையின் ஓரத்தில் கம்ப்யூட்டரோடு முஜீப் உட்கார்ந்திருந்தார். வெட்டப்படாத முழுப் பதிவும் அதில் இருந்தது. அந்த மனிதரைக் காப்பாற்றவும் கவிழ்க்கவும் ஒரே பொத்தான்தான். இழுப்பறையில் மடித்து வைத்த பத்திரிகைப் பக்கம் அவருக்கு நினைவு வந்திருக்கலாம். அமுக்கினார்.

கிதார். பேஞ்சோ. ஆயிரம் அடி. எல்லாம் நின்றது. கதவு கிறீச்சிட்டது.

“ஏனுங்கம்மணி, இது எப்பங்க முடியும்?”

அவரேதான். மேடையில் நிற்கும் அதே தொண்டை, நடிப்பு மட்டும் இல்லை. அரங்கம் கைதட்டத் தொடங்கியது. பதிவு நிற்கவில்லை.

“டிங்கு டிங்குன்னு, ஞாயித்துக்கெழமையாவது ஒரு மனுசன் படுக்கவேண்டாமுங்களா? நாட்டுன்னு சொல்லி என்னைய ஏமாத்திப்போட்டீங்க. அடுத்த மாசம் ரூமைக் காலி பண்ணிக் குடுத்துருங்க. நாட்டுக்கோழி வைக்கோணும்.”

நித்யஸ்ரீயின் குரல், பயந்து: “என்னங்க வைக்கோணும்?”

“நாட்டுக்கோழிங்கம்மணி. நாட்டுக்கோழி. மச்சினன் குஞ்சு பொரிக்கற மிசினு எறக்கறான்.”

கதவு சாத்தும் சத்தம்.

கைதட்டல் பாதியில் அறுந்தது. அப்புசாமி தொப்பியைக் கழற்றினார். அறுபத்தொரு வயதில் தன் குரலை முதன்முதலாக வெளியிலிருந்து கேட்டவரின் முகம் எப்படி இருக்கும் என்று அன்று பார்த்தேன். தெருவில் எதிரே வரும் அறிமுகமில்லாத ஆள் உங்கள் சட்டையைப் போட்டிருந்தால் எப்படிப் பார்ப்பீர்களோ, அப்படி. ஆக, அவன் மெட்ராஸ்காரன் இல்லை. ஆக, பின்னட்டையில் இருப்பது உண்மை. ஆக, அன்று உண்மையிலேயே அங்கே இருந்திருக்கிறார், துரத்துவதற்காக.

சம்பந்தி கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

இரண்டு வினாடி. பாட்டில் வருவதுபோலவே ஒன்றுமில்லாத இரண்டு வினாடி. சாதாரண மனிதனாக இருந்தால் மேடையின் பின்பக்கமாக இறங்கியிருப்பான். அப்புசாமி திரும்பிப் பார்த்தார். ஆளுயரச் சேவல் அவரைப் பார்க்காமல் நின்றுகொண்டிருந்தது. அவர் மைக்கைக் கையில் எடுத்தார்.

“கேட்டீங்களாங்க?”

கழற்றிய தொப்பியை மறுபடி தலையில் வைத்துக்கொண்டார்.

“அட்டையில எதுக்குங்க சேவலுன்னு ஊரே கேட்டுட்டு இருந்தது. புஸ்தகத்துல எல்லாம் எழுதினாங்களாமா. இப்பத் தெரிஞ்சுதுங்களா? கன்ட்ரின்னா என்னங்க? நாட்டு. நாட்டுன்னா என்னங்க? கோழி. நாட்டுக்கோழி வைக்கோணும்னு அன்னிக்கே சொன்னனுங்க. அம்மணிக்கு வெளங்கல, ரண்டாந்தடவையும் சொன்னேன். பதிவாயிருக்குதுங்க.”

“காலி பண்ணச் சொன்னீங்களே!” என்றது பின்வரிசை.

“ஆமாங்க, சொன்னேன். அந்தக் கூண்டுக்குள்ளயே கெடந்தா இந்த மேடைக்கு எப்பங்க வாரது?”

“குஞ்சு பொரிக்கற மிசினு?”

“அது மச்சினன் வெவகாரம். அவன் இன்னைக்கி வரலீங்க.”

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. எல்லாரும் நித்யஸ்ரீயைப் பார்த்தார்கள். அவள் மறுக்க வேண்டும். மறுக்க என்ன இருக்கிறது? அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போன பிறகு, இனி எங்கே பாடுவது என்று தெரியாமல், அழுகையும் சிரிப்புமாக அவள் தாளில் வரைந்தது அந்தச் சேவலைத்தான். கிதார்மேல் நிற்கும் நாட்டுக்கோழி. மச்சினன் மனம் மாறி மிசினை வேறெங்கோ இறக்கியதால் அறை தப்பியது. சேவல் அட்டைக்குப் போனது. அப்புசாமி சொல்லியிராவிட்டால் சேவல் இல்லை. கதவைத் திறந்திராவிட்டால் குரல் இல்லை. அவர் சொன்ன எந்தச் சொல்லும் பொய்யில்லை. ஒரே ஒரு சின்ன விஷயம்தான் உண்மையில்லை, மொத்தமும்.

அவள் மைக்கை வாங்கி, “ஆமாங்க, அங்கிள் சொன்னதுதானுங்க” என்றாள். முஜீப்பின் விரல் பொத்தான்மேலேயே இருந்தது. அமுக்குவதற்கு வேறெதுவும் இல்லை.

சம்பந்தி மூன்று தட்டுகள் வாங்கினார். மூன்றிலும் அப்புசாமியிடம் கையெழுத்து வாங்கினார். அடுத்த மாதம் அச்சான தீபக்கின் கல்யாணப் பத்திரிகையில், மற்றவர்கள் பெயருக்குப் பின்னால் படித்த பட்டம் போட்டுக்கொள்ளும் இடத்தில், ‘அப்புசாமி, நான்காம் பாட்டில் குரல்’ என்று இருந்தது. கல்யாணத்துக்கு நான் போயிருந்தேன். பந்தியில் எனக்கு அடுத்த இலையில் சம்பந்தி. ஆல்பத்தைப் பற்றி யாரோ பேச்செடுத்தார்கள். குறைவாகப் பேசுகிறவர், எதையும் சரிபார்த்த பிறகே நம்புகிறவர், ரசத்தை மெதுவாக உறிஞ்சிவிட்டுச் சொன்னார்:

“அதையேனுங்க கேக்கறீங்க. கோழி வைக்கறதுன்னு முடிவானப்ப நானும் அங்கதானுங்க இருந்தேன்.”

நூற்று நாற்பத்து மூன்று.

இப்போது நீங்கள். இவ்வளவு தூரம் பொறுமையாகப் படித்துவிட்டீர்கள். நடுநடுவே, ஆமாம், இப்படி ஓர் ஆள் எங்கள் தெருவிலும் இருக்கிறார் என்று சிரித்திருப்பீர்கள். ஒன்றை மட்டும் கவனித்தீர்களா? அந்த ஆல்பத்தின் பெயரை நான் எங்கும் சொல்லவில்லை. எந்தப் பாட்டின் ஒரு வரியையும் சொல்லவில்லை. இருந்தும், போர்வெல் பாட்டு என்று வந்த இடத்தில் உங்கள் தலை மெல்ல அசைந்ததே, அது ஏன்? அந்தக் கேள்வியை எங்கோ கேட்டிருக்கிறோம் என்று தோன்றியதல்லவா? பஸ்ஸிலா, ரிசப்ஷனிலா என்றுகூட யோசித்தீர்கள்.

பரவாயில்லை. அந்த அறை சின்னதுதான். கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தால் இடம் கிடைக்கும். அன்றைக்கு எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்ததுகூட நீங்கள்தானாமே.